செவ்வாயின் வானிலையும் பழைய நீரும்: இயந்திரக் கலங்கள் நடத்திய ஆய்வின் வரலாறு

செவ்வாய்க் கோளில் முன்னொரு காலத்தில் நீர் ஓடியதா, ஓடியிருந்தால் அது எங்கே போனது என்னும் இரு வினாக்களுக்கு, மனிதர் நேரில் செல்லாமல் இயந்திரக் கலங்களை அனுப்பி விடை தேடும் ஆய்வு 1965-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. கோளை உரசிச் சென்ற கலங்கள், கோளைச் சுற்றிவந்த சுற்றுக்கலங்கள், நின்ற இடத்திலேயே ஆய்ந்த தரையிறங்கிகள், சக்கரங்களில் ஊர்ந்து சென்ற தரையூர்திகள், ஒரு சிறிய உலங்கு வானூர்தி எனப் பலவகைக் கருவிகள் இதில் பங்கேற்றுள்ளன.

நீரைத் தேடுவதும் வானிலையை அளப்பதும் தனித்தனி வேலைகள் போலத் தோன்றும். செவ்வாயைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலையே. ஒரு கோளின் தரையில் நீர் நீராகவே நிற்குமா என்பதை அங்குள்ள காற்றழுத்தமும் வெப்பநிலையும்தான் முடிவு செய்கின்றன. ஆகவே பழைய நீரின் தடம் ஒன்று கிடைக்கும்போதெல்லாம், அக்காலத்தில் அங்கு இருந்த காற்றைப் பற்றியும் நாம் ஒரு செய்தியை அறிகிறோம். இந்த வரலாற்றில் முடிவுகள் பலமுறை மாறியுள்ளன. எந்தச் சான்று எந்த முடிவை மாற்றியது என்பதைக் கால வரிசையில் இக்கட்டுரை விளக்குகிறது.

நீரும் காற்றழுத்தமும்

கடல் மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. உயர்ந்த மலையூர்களில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாவது இதனால்தான். அழுத்தம் குறையக் குறையக் கொதிநிலையும் இறங்கிக்கொண்டே வரும். அழுத்தம் சுமார் 6.1 மில்லிபாராகக் குறையும்போது கொதிநிலையும் உறைநிலையும் ஏறத்தாழ 0 பாகையில் ஒன்றாகிவிடுகின்றன. அதற்கும் கீழே நீர் என்னும் நீர்மநிலைக்கே இடமில்லை. பனிக்கட்டியைச் சூடாக்கினால் அது உருகாமல் நேரே ஆவியாகிவிடும். கற்பூரம் திறந்து வைத்தால் கரைந்து போவதை நாம் பார்க்கிறோம். பள்ளிப் பாடத்தில் இதைப் பதங்கமாதல் என்று படித்திருக்கிறோம்.

புவியில் கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1013 மில்லிபார். செவ்வாயில் அதன் சராசரி ஏறத்தாழ 6 மில்லிபார் மட்டுமே. அக்காற்றிலும் சுமார் 95 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. அதாவது இன்றைய செவ்வாய், நீர் நிற்க முடியாத எல்லைக் கோட்டிலேயே நிற்கிறது. தாழ்ந்த நிலப்பகுதிகளில் அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், அங்கே ஊற்றப்படும் நீர் விரைவில் ஆவியாகும் அல்லது உறையும். இந்த எண் தெரியாத காலத்தில்தான் செவ்வாயைப் பற்றிய பெரிய கற்பனைகள் பிறந்தன.

தொலைநோக்கிக் காலம்

1877-ஆம் ஆண்டு இத்தாலிய வானியலாளர் ஜியோவானி ஸ்கியாபரெல்லி, செவ்வாயின் மேற்பரப்பில் நேர்கோடுகள் போன்ற சிலவற்றைக் கண்டு அவற்றைக் 'கனாலி' என்று குறித்தார். இத்தாலிய மொழியில் இச்சொல் இயற்கையான நீர்த்தடத்தையும் குறிக்கும், வெட்டப்பட்ட கால்வாயையும் குறிக்கும். பிற மொழிகளில் அது கால்வாய் என்றே பரவியது. அமெரிக்கரான பெர்சிவல் லோவல் 1894-இல் அரிசோனாவின் பிளாக்ஸ்டாப் நகரில் ஓர் ஆய்வகம் அமைத்து, வறண்டுவரும் தம் கோளுக்குத் துருவப் பனியிலிருந்து நீர் கொண்டுவர அறிவுள்ள உயிரினங்கள் வெட்டிய கால்வாய்கள் இவை என்று எழுதினார். 1909-இல் பிரான்சின் மியூதோன் ஆய்வகத்தில் பெரிய தொலைநோக்கியால் பார்த்த அந்தோனியாதி, நேர்கோடுகள் ஏதும் இல்லை, சிதறிய கறைகளே உள்ளன என்று காட்டினார்.

கால்வாய்கள் மறைந்தபோதும் நம்பிக்கை மறையவில்லை. பருவத்திற்கேற்ப இருண்டும் வெளுத்தும் மாறும் பகுதிகளைத் தாவரங்கள் என்று பலர் கருதினர். செவ்வாயின் காற்றழுத்தம் 85 மில்லிபார் அளவில் இருக்கலாம் என்று 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மதிப்பிடப்பட்டது. அந்த அழுத்தத்தில் நீர் தாராளமாக நிற்கும்.

மரினர் 4: முதல் ஏமாற்றம்

1964 நவம்பர் 28 அன்று நாசா ஏவிய மரினர் 4, 1965 ஜூலை நடுவில் செவ்வாயைச் சுமார் 9,800 கி.மீ. தொலைவில் கடந்து சென்றது. அது எடுத்த படங்கள் 22 மட்டுமே. அவற்றுள் கடைசிப் படம் முழுமையாகக் கிடைக்கவில்லை. செய்தித் தொடர்பு மிக மெதுவாக இருந்ததால் ஒரு படம் புவிக்கு வந்து சேர எட்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. காத்திருக்கப் பொறுமையில்லாத பொறியாளர்கள், வந்துகொண்டிருந்த எண்களைத் தாள் துண்டுகளில் அச்சிட்டு, சுவரில் வரிசையாக ஒட்டி, எண்ணுக்கு ஒரு வண்ணம் என்று வண்ணக் கட்டிகளால் கையாலேயே தீட்டினர். வேறொரு கோளின் அருகிலிருந்து எடுக்கப்பட்ட முதல் படத்தை அவர்கள் அப்படித்தான் பார்த்தனர்.

படங்களில் தெரிந்தவை நிலவில் உள்ளவை போன்ற விண்கல் மோதிய பள்ளங்கள். படங்களைவிட முக்கியமானது வேறொரு அளவீடு. கலம் செவ்வாயின் பின்புறம் மறையும்போது அதன் வானொலி அலைகள் செவ்வாயின் காற்றைத் துளைத்து வந்தன. அவ்வலைகளில் ஏற்பட்ட மாற்றத்திலிருந்து காற்றழுத்தம் 4 முதல் 7 மில்லிபார் வரைதான் என்று கணக்கிடப்பட்டது. எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆறுகளும் தாவரங்களும் உள்ள செவ்வாய் அன்றோடு முடிந்தது. 1969-இல் சென்ற மரினர் 6, மரினர் 7 ஆகியவையும் பெரும்பாலும் பள்ளங்களையே காட்டின. செவ்வாய் நிலவைப் போன்ற இறந்த உலகம் என்ற கருத்து வலுத்தது. ஆனால் மரினர் 4 படமெடுத்தது செவ்வாயின் மேற்பரப்பில் சுமார் 1 விழுக்காட்டை மட்டுமே.

மரினர் 9: புழுதி அடங்கியபின் தெரிந்த பள்ளத்தாக்குகள்

1971 நவம்பரில் மரினர் 9 செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. புவியல்லாத வேறொரு கோளைச் சுற்றிய முதல் கலம் இதுவே. அது போய்ச் சேர்ந்த நேரத்தில் செவ்வாய் முழுவதையும் ஒரு புழுதிப் புயல் மூடியிருந்தது. சில உயர்ந்த முகடுகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. மரினர் 9-இன் கட்டளைகளைப் புவியிலிருந்து மாற்ற முடிந்ததால், படமெடுக்கும் வேலையைத் தள்ளிவைத்துப் புயல் அடங்கக் காத்திருந்தனர்.

அதே வேளையில் சென்ற சோவியத் ஒன்றியத்தின் மார்ஸ் 2, மார்ஸ் 3 ஆகியவற்றின் சுற்றுக்கலங்களில் அந்த வசதி இல்லை. அவை முன்பே இடப்பட்ட கட்டளைப்படி புழுதியைப் படமெடுத்தன. மார்ஸ் 2-இன் தரையிறங்கி மோதி நொறுங்கியது. மார்ஸ் 3-இன் தரையிறங்கி 1971 டிசம்பர் 2 அன்று மெதுவாகத் தரையிறங்கிய முதல் கலம் என்ற பெருமையைப் பெற்றது. ஆனால் சுமார் 20 வினாடிகள் மட்டுமே பேசிவிட்டு ஓய்ந்தது. செவ்வாய் ஆய்வில் வானிலை ஒரு கலத்தின் தலைவிதியையே தீர்மானிக்கும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

1972 தொடக்கத்தில் புழுதி அடங்கியதும் மரினர் 9 காட்டிய செவ்வாய் முற்றிலும் வேறாக இருந்தது. ஒலிம்பஸ் மோன்ஸ் என்னும் மாபெரும் எரிமலை தெரிந்தது. சுமார் 4,000 கி.மீ. நீளமுள்ள பள்ளத்தாக்குத் தொடர் தெரிந்தது. கலத்தின் பெயராலேயே அது மரினர் பள்ளத்தாக்கு என்று பெயர் பெற்றது. இவற்றோடு, கிளை பிரிந்து வளைந்து செல்லும் வறண்ட ஆற்றுப்படுகைகளும், பெருவெள்ளம் அறுத்தோடிய அகன்ற தடங்களும் தெரிந்தன. காற்றோ எரிமலைக் குழம்போ இத்தகைய வடிவங்கள் அனைத்தையும் உண்டாக்கியிருக்க முடியாது. மொத்தம் 7,329 படங்கள் வந்தன.

இங்கேதான் இன்றுவரை தொடரும் புதிர் பிறந்தது. இன்றைய காற்றில் நீர் நிற்காது என்று மரினர் 4 கூறியது. நீர் ஓடிய தடம் இருக்கிறது என்று மரினர் 9 கூறியது. இரண்டும் உண்மையானால், செவ்வாயின் காற்று ஒரு காலத்தில் அடர்த்தியாக இருந்திருக்க வேண்டும்.

புழுதிப் புயல் வேறொரு பாடத்தையும் தந்தது. காற்றில் நிறைந்த புழுதி சூரிய ஒளியைத் தடுத்ததால் தரை குளிர்ந்தது. மரினர் 9 குழுவில் இருந்த கார்ல் சாகன் உள்ளிட்டோர், அணு ஆயுதப் போரில் எழும் புகை புவியைக் குளிரச் செய்துவிடும் என்று பின்னர் 1983-இல் எச்சரித்த ஆய்வுக்கு இந்தக் கவனிப்பும் ஒரு தூண்டுதலாக அமைந்தது.

வைக்கிங்: வேறொரு கோளின் முதல் வானிலை அறிக்கை

1975-இல் ஏவப்பட்ட வைக்கிங் 1, வைக்கிங் 2 ஆகிய இரண்டிலும் ஒரு சுற்றுக்கலமும் ஒரு தரையிறங்கியும் இருந்தன. வைக்கிங் 1 தரையிறங்கியை அமெரிக்க விடுதலையின் 200-ஆம் ஆண்டு நாளான 1976 ஜூலை 4 அன்று இறக்கத் திட்டமிட்டிருந்தனர். தெரிவு செய்த இடம் கரடுமுரடானது என்று சுற்றுக்கலத்தின் படங்கள் காட்டியதால் நாளைத் தள்ளிவைத்து, ஜூலை 20 அன்று கிரைசி சமவெளியில் இறக்கினர். வைக்கிங் 2 செப்டம்பர் 3 அன்று யுடோப்பியா சமவெளியில் இறங்கியது.

தரையிறங்கிகளில் நீட்டப்பட்ட ஒரு கையில் வெப்பநிலை, காற்றின் வேகம், திசை ஆகியவற்றை அளக்கும் கருவிகள் இருந்தன. வானிலைக் குழுவின் தலைவர் சீமோர் ஹெஸ், செவ்வாயின் தரையிலிருந்து வந்த முதல் வானிலை அறிக்கையை நம் வானொலிச் செய்தியில் கேட்பது போன்ற நடையிலேயே வெளியிட்டார். விடியலுக்குப் பின் சுமார் −86 பாகை செல்சியஸ், பிற்பகலில் சுமார் −30 பாகை, மெல்லிய காற்று, அழுத்தம் 7.7 மில்லிபார் என்பது அதன் சாரம்.

ஆண்டுக்கணக்கில் எடுத்த அளவீடுகளில் ஒரு வியப்பு வெளிப்பட்டது. செவ்வாயின் காற்றழுத்தம் பருவத்திற்குப் பருவம் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் கூடிக் குறைந்தது. ஒரு துருவத்தில் குளிர்காலம் வரும்போது அங்குள்ள காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடே உறைந்து பனியாகப் படிந்துவிடுகிறது. வேனிலில் அது மீண்டும் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. கோடையில் எஞ்சியிருந்த வடதுருவப் பனி நீர்ப்பனியே என்று சுற்றுக்கலங்கள் உறுதி செய்தன. வைக்கிங் 2 குளிர்காலத்தில் கற்களின் மேல் மெல்லிய வெண்ணிற உறைபனி படிந்ததைப் படமெடுத்தது. வெள்ளத்தால் அரிக்கப்பட்டுக் கண்ணீர்த்துளி வடிவில் நிற்கும் தீவுகளையும் சுற்றுக்கலங்கள் படமெடுத்தன.

வைக்கிங் 2 தரையிறங்கி 1980 வரை இயங்கியது. வைக்கிங் 1 தரையிறங்கி 1982 நவம்பர் வரை இயங்கியது. அதன் முடிவுக்குக் காரணம் செவ்வாய் அன்று. மின்கலத்தைச் சரிசெய்ய அனுப்பிய கட்டளை, அலைவாங்கியைப் புவியை நோக்கித் திருப்பும் குறிப்புகளைத் தவறுதலாக அழித்துவிட்டது.

இழப்புகளும் மீள் தொடக்கமும்

வைக்கிங்கிற்குப் பின் இருபது ஆண்டுகள் செவ்வாயின் தரையில் எந்தக் கலமும் வெற்றியுடன் இறங்கவில்லை. 1993-இல் மார்ஸ் அப்சர்வர் செவ்வாயை நெருங்கும்போது தொடர்பிழந்தது. 1997 ஜூலை 4 அன்று மார்ஸ் பாத்ஃபைண்டர் காற்றுப்பைகளின் உதவியால் துள்ளி உருண்டு ஏரிஸ் பள்ளத்தாக்கின் வாயிலில் இறங்கியது. பழங்காலப் பெருவெள்ளம் பலவிடங்களிலிருந்து கற்களை அடித்து வந்து சேர்த்த இடம் என்பதாலேயே அது தேர்ந்தெடுக்கப்பட்டது. அதிலிருந்து இறங்கிய சோஜர்னர், செவ்வாயில் ஓடிய முதல் தரையூர்தி. பாத்ஃபைண்டரின் வானிலைக் கருவிகள், புழுதிச் சுழல்காற்றுகள் கலத்தின் மேல் கடந்து போனதை அழுத்தத்தின் திடீர் இறக்கத்தால் உணர்ந்தன.

அதே ஆண்டு செப்டம்பரில் சேர்ந்த மார்ஸ் குளோபல் சர்வேயர் லேசர் கதிரால் கோள் முழுவதன் மேடுபள்ளங்களை அளந்தது. நீருடன் தொடர்புடைய ஹேமடைட்டு என்னும் இரும்புக் கனிமம் மெரிடியானி சமவெளியில் பரந்து கிடப்பதையும், பழைய பாறைகளில் காந்தத்தன்மை எஞ்சியிருப்பதையும் கண்டறிந்தது. இவ்விரண்டும் பின்னர் மிகப் பயன்பட்டன.

செவ்வாயின் வானிலையைக் கவனிப்பதற்கென்றே அனுப்பப்பட்ட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23 அன்று அழிந்தது. உந்துவிசையை ஒரு மென்பொருள் பவுண்டு அலகிலும் மற்றொன்று நியூட்டன் அலகிலும் கணக்கிட்டதால், கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் சென்று காற்றில் சிக்கியது. அலகு எழுதாத விடைக்கு ஏன் மதிப்பெண் குறைக்கிறார்கள் என்று கேட்கும் மாணவர்க்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் மார்ஸ் போலார் லேண்டரும் தொலைந்தது.

2001-இல் சேர்ந்த மார்ஸ் ஒடிசி, மண்ணிலிருந்து வெளிவரும் நியூட்ரான்களையும் காமா கதிர்களையும் அளந்தது. துருவப்பகுதிகளில் தரைக்கு மிக அருகிலேயே ஏராளமான ஹைட்ரஜன், அதாவது உறைபனி, புதைந்திருப்பதாக 2002-இல் தெரியவந்தது. செவ்வாயில் நீர் இருக்கிறது என்பது இதன்பின் ஐயமற்றதாயிற்று. பழங்காலத்தில் அது நீர்ம வடிவில் எவ்வளவு காலம் நின்றது என்பதே மீதமிருந்த வினா.

ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி: பாறையில் எழுதப்பட்ட சான்று

2004 ஜனவரியில் இரட்டைத் தரையூர்திகள் இறங்கின. ஒவ்வொன்றிற்கும் திட்டமிடப்பட்ட ஆயுள் 90 செவ்வாய் நாட்கள். செவ்வாய் நாள் ஒன்று 24 மணி 39 நிமிடத்திற்குச் சற்று மேல்.

ஆப்பர்சூனிட்டி, ஹேமடைட்டு தெரிந்த மெரிடியானி சமவெளியில் ஒரு சிறு பள்ளத்துக்குள் உருண்டு நின்றது. அதன் கண்ணெதிரிலேயே படிவுப்பாறை அடுக்குகள் வெளிப்பட்டுக் கிடந்தன. பாறைகளில் சில மில்லிமீட்டர் அளவுள்ள ஹேமடைட்டு உருண்டைகள் பதிந்திருந்தன. நிலத்தடி நீரில் கரைந்த இரும்பு பாறையின் துளைகளுக்குள் உறைந்து திரண்டால் இத்தகைய உருண்டைகள் உண்டாகும். அமில நீரில் மட்டுமே தோன்றும் ஜாரோசைட்டு என்னும் கனிமமும் அங்கே இருந்தது. 2004 மார்ச்சில், இப்பாறைகள் ஒரு காலத்தில் நீரில் ஊறியவை என்று ஸ்டீவ் ஸ்கொயர்ஸ் தலைமையிலான குழு அறிவித்தது. செவ்வாயின் பழைய நீருக்குத் தரையிலேயே தொட்டுப் பார்த்துக் கிடைத்த முதல் உறுதியான சான்று இது. எனினும் அந்த நீர் உப்பும் அமிலமும் மிகுந்த நீர்.

ஸ்பிரிட்டின் கதை வேறு. ஆறு ஒன்று பாய்ந்து ஏரியாகத் தேங்கிய இடம் என்று எண்ணி அதைக் குசேவ் பெரும்பள்ளத்தில் இறக்கினர். அங்கே கிடைத்தவை எரிமலைக் கற்கள். ஏரிப்படிவு இருந்தாலும் அதன்மேல் எரிமலைக் குழம்பு மூடியிருந்தது. ஊர்தி பல மாதம் ஊர்ந்து குன்றுகளை அடைந்த பின்னரே நீரால் மாறிய பாறைகள் கிடைத்தன. பின்னாளில் அதன் முன்சக்கரம் ஒன்று சுழலாமல் நின்றுபோனது. செயலிழந்த சக்கரத்தை இழுத்துக்கொண்டே சென்றபோது, அது கீறிய மண்ணுக்கடியில் வெண்ணிறப் பொருள் தெரிந்தது. 2007-இல் ஆய்ந்தபோது அது ஏறத்தாழ 90 விழுக்காடு சிலிக்கா என்று தெரிந்தது. வெந்நீர் ஊற்றோ எரிமலை நீராவியோ இல்லாமல் அவ்வளவு தூய சிலிக்கா சேராது. பழுதான சக்கரத்தால் கிடைத்த கண்டுபிடிப்பு இது.

ஸ்பிரிட் 2009-இல் மண்ணில் புதைந்தது. 2010 மார்ச்சில் அதன் குரல் ஓய்ந்தது. ஆப்பர்சூனிட்டி 45 கி.மீ.க்கு மேல் ஊர்ந்து 14 ஆண்டுகளைத் தாண்டியது. 2018 ஜூனில் எழுந்த உலகளாவிய புழுதிப் புயல் பகலை இரவாக்கியதால் அதன் சூரியத் தகடுகளுக்கு ஒளி கிடைக்கவில்லை. ஜூன் 10 அன்று வந்ததே அதன் கடைசிச் செய்தி. நூற்றுக்கணக்கான முறை அழைத்தும் விடை வராததால் 2019 பிப்ரவரி 13 அன்று பணி முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

பீனிக்ஸ்: பனியும் பனிப்பொழிவும்

ஒடிசி காட்டிய புதைபனியை நேரில் பார்ப்பதற்காகப் பீனிக்ஸ் 2008 மே 25 அன்று வடதுருவத்திற்கு அண்மையில், சுமார் 68 பாகை வட அகலாங்கில் இறங்கியது. அதன் கை தோண்டிய குழியில் பகடைக்காய் அளவுள்ள வெண்கட்டிகள் சில தெரிந்தன. நான்கு நாட்களில் அவை உருகிய ஈரம்கூட இல்லாமல் மறைந்துவிட்டன. உப்பாக இருந்தால் மறைந்திராது. இது நீர்ப்பனி, அதுவும் கற்பூரம்போல் நேரே ஆவியாகும் பனி என்பது கண்முன்னே மெய்ப்பிக்கப்பட்டது. கனடா வழங்கிய லேசர் கருவி, சுமார் 4 கி.மீ. உயர மேகங்களிலிருந்து வெண்பனி பொழிவதைக் கண்டது. மண்ணில் பெர்குளோரேட்டு என்னும் உப்பும் கண்டறியப்பட்டது. குளிர்காலம் நெருங்கி ஒளி குறைந்ததும் நவம்பரில் பீனிக்ஸ் ஓய்ந்தது.

கியூரியாசிட்டி: குடிக்கத்தக்க நீர் நின்ற ஏரி

2012 ஆகஸ்ட் 6 அன்று 899 கிலோ எடையுள்ள கியூரியாசிட்டி கேல் பெரும்பள்ளத்தில் இறங்கியது. சூரிய ஒளியை நம்பாமல் புளுட்டோனியத்தின் வெப்பத்திலிருந்து மின்சாரம் பெறுவதால் புழுதிப் புயல் இதை முடக்குவதில்லை. இதில் உள்ள வானிலை நிலையத்தை ஸ்பெயின் நாடு வழங்கியது.

முதல் சில வாரங்களிலேயே ஊர்தி, சரளைக் கற்கள் ஒட்டிக் கெட்டிப்பட்ட பாறையைக் கண்டது. அந்தக் கற்கள் ஆற்றுக் கூழாங்கற்களைப்போல மழுங்கியிருந்தன. கூர்முனைக் கல் உருண்டையாவது மற்ற கற்களோடு நெடுந்தூரம் உருண்டு உரசுவதால்தான். அந்த அளவுக் கற்களைக் காற்றால் தூக்கிச் செல்ல முடியாது. கணுக்கால் முதல் இடுப்பு வரையான ஆழத்தில் ஓடிய ஓடை இது என்று கணக்கிட்டனர்.

2013 பிப்ரவரியில் யெல்லோநைஃப் பே என்னும் இடத்தில் பாறையைத் துளையிட்டபோது, சிவப்பு மேற்பரப்புக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத் தூள் வந்தது. அது ஏரியின் அடியில் படிந்து இறுகிய சேற்றுப்பாறை. அதில் களிமண் கனிமங்கள் இருந்தன. அந்த நீர் மெரிடியானியில் இருந்ததுபோல் கடும் அமிலமன்று. உப்பும் குறைவு. மனிதர் அங்கு இருந்திருந்தால் குடித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கூறினர். பின்னர் நடு மலையின் அடிவாரத்தில் ஏறிச் சென்றபோது நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுக்கு ஏரிப்படிவுகள் தொடர்ந்தன. நீர் ஓரிரு வெள்ளங்களாக வந்து போகவில்லை, நீண்ட காலம் நின்றது என்பதற்கு இது சான்று. இவை 350 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை.

நீர் எங்கே போனது?

இவ்வினாவிற்கான விடை காற்றில் இருந்தது. நீரில் உள்ள ஹைட்ரஜனில் ஒரு சிறு பகுதி டியூட்டீரியம் என்னும் கனமான வகை. சூரிய ஒளியால் நீராவி சிதையும்போது இலேசான ஹைட்ரஜன் எளிதில் விண்வெளிக்குத் தப்பிவிடும். கனமானது அவ்வளவு எளிதில் தப்பாது. மாவு சலிக்கச் சலிக்கச் சல்லடையில் கப்பி சேர்வது போல, நீரை இழக்க இழக்க மீதமுள்ளதில் டியூட்டீரியத்தின் பங்கு கூடும். இன்றைய செவ்வாயின் காற்றில் உள்ள நீராவியில் அப்பங்கு புவியின் நீரைப்போல் ஐந்தாறு மடங்கு. கியூரியாசிட்டி துளையிட்ட பழைய களிமண்ணில் அடைபட்டிருந்த நீரில் அது சுமார் மூன்று மடங்கு. ஏரி இருந்த காலத்திலேயே இழப்பு தொடங்கிவிட்டது, அதன்பின்னும் தொடர்ந்தது என்பது இதன் பொருள்.

2014 செப்டம்பரில் இரண்டு கலங்கள் சில நாள் இடைவெளியில் செவ்வாயை அடைந்தன. ஒன்று நாசாவின் மேவன். மற்றொன்று இந்தியாவின் மங்கள்யான். மேல்வளிமண்டலத்தை ஆய்ந்த மேவன், சூரியக் காற்று இன்றும் வினாடிக்குச் சுமார் 100 கிராம் அளவுக்குச் செவ்வாயின் காற்றை அரித்துச் செல்வதாக 2015-இல் காட்டியது. ஒரு காலத்தில் காற்றில் இருந்த ஆர்கானில் சுமார் 65 விழுக்காடு விண்வெளிக்குப் போய்விட்டதாக 2017-இல் அறிவிக்கப்பட்டது. புவிக்கு உள்ளதுபோன்ற காந்தப்புலம் செவ்வாய்க்கும் தொடக்கத்தில் இருந்தது. குளோபல் சர்வேயர் கண்ட பாறைக் காந்தம் அதன் எச்சமே. அக்கவசம் ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்தபின் காற்று பாதுகாப்பற்றுப் போனது.

மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 2014 செப்டம்பர் 24 அன்று முதல் முயற்சியிலேயே செவ்வாயின் சுற்றுப்பாதையில் சேர்ந்தது. செலவு சுமார் 450 கோடி ரூபாய். இதன் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன், திட்டப்பணிகளை ஒருங்கிணைத்த மயில்சாமி அண்ணாதுரை ஆகிய இருவரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அதிலிருந்த ஐந்து கருவிகளுள் ஒன்று, மேலே சொன்ன ஹைட்ரஜன், டியூட்டீரியம் அளவை ஆய்வதற்கானது. ஆறு மாதத்திற்கெனத் திட்டமிடப்பட்ட கலம் 2022 வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் செவ்வாயைச் சுற்றிப் பணிபுரிந்தது.

நீரிழப்பில் புழுதிப் புயல்களுக்கும் பங்கு உண்டு என்பது பின்னர் தெரிந்தது. புயலின்போது காற்று சூடாகி நீராவியை மிக உயரத்திற்கு ஏற்றிவிடுகிறது. அங்கே அது சிதைந்து ஹைட்ரஜன் கூடுதலாகத் தப்பிச் செல்கிறது. ஆப்பர்சூனிட்டியை முடக்கியது போன்ற புயல்கள் கோளின் நீரையும் சிறிது சிறிதாகக் குறைத்து வருகின்றன. எனினும் நீர் அனைத்தும் விண்வெளிக்குப் போகவில்லை. ஒரு பகுதி துருவங்களிலும் நிலத்தடியிலும் பனியாக உள்ளது. மற்றொரு பகுதி களிமண் கனிமங்களுக்குள் அடைபட்டுள்ளது. பழைய காற்றின் கார்பன் டை ஆக்சைடும் ஓரளவு பாறையாகியுள்ளது. கேல் பள்ளத்தில் சிடரைட்டு என்னும் இரும்புக் கார்பனேட்டு கிடைத்ததை 2025-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

கைவிடப்பட்ட ஒரு முடிவு

செவ்வாயின் வெப்பமான சரிவுகளில் கோடையில் நீண்டு, குளிரில் மறையும் மெல்லிய கருங்கோடுகள் இருப்பதை 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 2015-இல் அவ்விடங்களில் நீரேறிய உப்புகளின் தடயம் உள்ளதாகக் கூறப்பட்டு, இன்றும் செவ்வாயில் உப்புநீர் வழிகிறது என்ற செய்தி உலகெங்கும் முதல் பக்கத்தில் வந்தது. 2017-இல் அதே கோடுகளின் சரிவை அளந்தபோது, அவை செங்குத்தான சரிவுகளில் மட்டுமே இருப்பதும், உலர்ந்த மணல் எந்தச் சாய்வில் சரியாமல் நின்றுவிடுமோ அந்தச் சாய்வில் முடிந்துவிடுவதும் தெரிந்தன. நெல் குவியலில் மேலிருந்து நெல் சரிந்து ஓரிடத்தில் நிற்பதைப் போன்றது இது. நீர் வழிந்திருந்தால் மேலும் கீழே சென்றிருக்கும். ஆகவே இவை பெரும்பாலும் உலர் மணல் சரிவுகளே என்ற கருத்து இன்று வலுப்பெற்றுள்ளது. 2015-இன் செய்தியை இன்றும் பல தமிழ்த் தளங்கள் திருத்தாமல் வைத்திருப்பதால் இதனைத் தனியே குறிப்பிட வேண்டியுள்ளது.

பெர்சிவியரன்சும் பிறவும்

2021 பிப்ரவரியில் மூன்று நாடுகளின் கலங்கள் செவ்வாயைச் சேர்ந்தன. ஐக்கிய அரபு அமீரகத்தின் ஹோப் சுற்றுக்கலம் கோள் முழுவதன் வானிலையைப் பகல் இரவு எல்லா நேரங்களிலும் கவனிக்க அனுப்பப்பட்டது. சீனாவின் தியான்வென் 1 மே மாதத்தில் சூரோங் என்னும் தரையூர்தியை யுடோப்பியா சமவெளியில் இறக்கியது. நாசாவின் பெர்சிவியரன்ஸ் பிப்ரவரி 18 அன்று 45 கி.மீ. அகலமுள்ள ஜெசெரோ பெரும்பள்ளத்தில் இறங்கியது. ஆறு ஒன்று ஏரியில் கலக்குமிடத்தில் வண்டலைப் படியவிட்டு உண்டாக்கிய கழிமுகத் திட்டு அங்கே இன்றும் தெளிவாகத் தெரிகிறது.

பெர்சிவியரன்ஸ் கொண்டு சென்ற இன்ஜெனுவிட்டி என்னும் உலங்கு வானூர்தி 2021 ஏப்ரல் 19 அன்று முதன்முதலாகப் பறந்தது. அங்குள்ள காற்றின் அடர்த்தி புவியில் உள்ளதில் ஏறத்தாழ 1 விழுக்காடு. அதனால் அதன் இறக்கைகள் நிமிடத்திற்குச் சுமார் 2,500 முறை சுழல வேண்டியிருந்தது. சில மாதங்களில் பருவம் மாறிக் காற்று மேலும் மெலிந்தபோது சுழற்சியை 2,700-க்கு உயர்த்தினர். அந்தப் பருவ மாற்றம் வைக்கிங் தரையிறங்கிகள் அளந்து சொன்ன அதே மாற்றம்தான். ஐந்து முறை பறப்பதற்கென அனுப்பப்பட்ட அது 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது. ஒரு புழுதிச் சுழல்காற்று நேரே தன் மேல் கடந்து சென்ற ஒலியைப் பெர்சிவியரன்சின் ஒலிவாங்கி பதிவு செய்தது.

2024-இல் ஜெசெரோவுக்கு நீர் கொண்டுவந்த பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில், சிறுத்தைப்புள்ளி போன்ற கறைகள் கொண்ட சேற்றுப்பாறை ஒன்றில் மாதிரி எடுக்கப்பட்டது. புவியில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் கனிமங்களை ஒத்தவை அதில் இருப்பதாக 2025-இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. உயிரற்ற வேதிவினைகளாலும் அவை தோன்றக்கூடும் என்பதால், இதை உயிரின் சான்று என்று யாரும் அறிவிக்கவில்லை. மாதிரிகள் இன்னும் செவ்வாயிலேயே உள்ளன.

இன்றைய நிலை

இதுவரையான ஆய்வுகளால் உறுதியாகியுள்ளவை இவை. செவ்வாயில் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகளும் ஏரிகளும் இருந்தன. அவற்றுள் சிலவற்றின் நீர் உயிர் வாழத்தக்கதாக இருந்தது. அக்காலத்தில் காற்று இன்றைவிட அடர்த்தியாக இருந்தது. காந்தப்புலம் மறைந்தபின் காற்றின் பெரும்பகுதி விண்வெளிக்குப் போனது. மீதமுள்ள நீர் இன்று பனியாகவும், மிகச் சிறிதளவு ஆவியாகவும், கனிமங்களுக்குள்ளும் உள்ளது.

உறுதியாகாதவையும் உள்ளன. இளம் சூரியன் இன்றைவிட ஒளி குறைந்தது. அந்நிலையில் ஏரிகள் உறையாமல் நிற்கும் அளவுக்குச் செவ்வாய் எவ்வாறு வெப்பமாக இருந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. வெப்பம் தொடர்ந்து நிலவியதா, குளிர்ந்த கோளில் இடையிடையே சில காலம் மட்டும் பனி உருகியதா என்பதும் விவாதத்தில் உள்ளது. அந்த ஏரிகளில் உயிர் தோன்றியதா என்பதற்கு, பெர்சிவியரன்ஸ் சேகரித்த மாதிரிகளைப் புவியின் ஆய்வகங்களில் ஆராய்ந்தால்தான் தெளிவான விடை கிடைக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.